போய் வந்த கணக்கு



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவாகப் பேச எங்களை அழைத்த மன்றத்துக்கு நன்றி. அழைப்பு வந்தபோது எங்களுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. நினைவுப் பேருரை என்றால் அறிஞர் ஒருவர் வந்து பேசுவது வழக்கம். நாங்கள் நால்வரும் அறிஞர்கள் இல்லை. இருவர் குடியிருப்பு உரிமை வேலை செய்பவர்கள். ஒருவர் வழக்கறிஞர். ஒருவர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் மாணவி. இந்த உரையை நால்வரும் சேர்ந்து எழுதினோம். படிக்கிற குரல் மட்டும் ஒன்று. அதனால் இதில் ‘நான்’ வராது.

2022 அக்டோபர் கடைசியில் ஜெனீவா போனோம். நவம்பர் கடைசியில் திரும்பினோம். போனதைப் பற்றி அப்போதே இரண்டு கூட்டங்களில் பேசிவிட்டோம். போட்டோ காட்டினோம், கைதட்டல் வாங்கினோம். திரும்பியதைப் பற்றி இதுவரை எந்த மேடையிலும் பேசவில்லை. இன்று அதைத்தான் பேசப் போகிறோம். போனவர்கள் கணக்குச் சொல்ல வேண்டும். எங்கள் கணக்கில் ஒரு பெரிய பாக்கி இருந்தது.

அந்த ஊர்

தமிழ்நாட்டில் ஜெனீவா என்றால் ஈழம் நினைவுக்கு வரும். ஒவ்வொரு மார்ச் மாதமும் மனித உரிமைப் பேரவை கூடும்போது நம் பத்திரிகைகளில் அந்த ஊர்ப் பெயர் அடிபடும். ஐ.நா. மாளிகைக்கு எதிரே மூன்று காலில் நிற்கும் பெரிய மர நாற்காலியை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். கண்ணிவெடியில் கால் இழந்தவர்களுக்காக 1997இல் வைத்தது. அந்தச் சதுக்கத்தில்தான், 2009 பிப்ரவரியில், லண்டனிலிருந்து வந்த ஈழத் தமிழ் இளைஞர் ஒருவர் தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டார். நாங்கள் முதல் நாள் அங்கே நின்றபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டோம்.

எங்கள் வேலை வேறு. ஐ.நா. உறுப்பு நாடுகள் ஒவ்வொன்றின் மனித உரிமை நிலையையும் மற்ற நாடுகள் நான்கரை ஆண்டுக்கு ஒருமுறை கேள்வி கேட்கும். அதற்குக் காலமுறை மீளாய்வு என்று பெயர். இந்தியாவின் முறை 2008, 2012, 2017 ஆகிய ஆண்டுகளில் வந்தது. நான்காவது முறை 2022 நவம்பர் 10. நம்மைப் போன்ற அமைப்புகள் அந்த மண்டபத்தில் பேச முடியாது. மேலே உட்கார்ந்து பார்க்கலாம். பேச வேண்டியதை அதற்கு முன்பே, ஒவ்வொரு நாட்டுத் தூதரகத்தின் கதவையும் தட்டிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஒரு மாத வேலை அதுதான்: கதவு தட்டுவது.

தூதரகத்தை அங்கே ‘மிஷன்’ என்கிறார்கள். நாங்கள் போனதற்கும் அதே பெயர்தான். நமக்கு மிஷன் என்றால் மிஷன் பள்ளிக்கூடம், மிஷன் ஆஸ்பத்திரி. வேறு எங்கும் சேர்க்காத பிள்ளையைச் சேர்த்துக்கொண்ட இடம். அந்த ஊரில் மிஷன் என்றால் வாசலில் கேமரா, உள்ளே காபி, கையில் கடிகாரம். சில இடங்களில் கால்மணி நேரம் கிடைத்தது. சில இடங்களில் லிஃப்ட் மேலே போகிற நேரம்தான்.

ஊரில் எங்கும் பிரெஞ்சு. எங்கள் மாணவிக்கு மட்டும் கொஞ்சம் வரும். சென்னையில் பிளஸ் டூவில் மார்க் வாங்குவதற்காகத் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தவர்களில் அவரும் ஒருவர். அதற்காக எத்தனையோ முறை அவரைக் கேலி செய்திருக்கிறோம். அங்கே டிராம் டிக்கெட் வாங்கவும் ரொட்டிக் கடையில் பேசவும் அவர்தான் எங்களுக்கு வாய்.

ஒரு காலை, பாக்கி வட்டாரத்துத் தெரு ஒன்றில் சாக்கடை மூடியைத் திறந்து வேலை நடந்துகொண்டிருந்தது. உறிஞ்சு குழாய் வைத்த லாரி, இரண்டு தொழிலாளர்கள், ஆரஞ்சு சட்டை. யாரும் உள்ளே இறங்கவில்லை. வேலை முடிந்ததும் இருவரும் எதிரே இருந்த காபிக் கடைக்குப் போய், கோட்டு சூட்டுப் போட்டவர்கள் நின்ற அதே மேடையில் நின்று குடித்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள்தான் பார்த்துக்கொண்டே நின்றோம். அந்த ஊரைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் அடிமட்ட வேலைகளில் வேற்றுநாட்டிலிருந்து வந்த பலரைப் பார்த்தோம். ஆனால் அந்த வேலையைச் செய்பவரின் பிள்ளையும் அதே குழிக்கு வர வேண்டும் என்று விதி இல்லை.

நமக்கு முன்னால் போன பெயர்

இரண்டாவது வாரம் ஒரு சம்பவம். டிராம் இருக்கையில் யாரோ விட்டுப் போன செய்தித்தாள் கிடந்தது. மாணவி தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவர், ஒரு சொல்லில் நின்றுவிட்டார். ‘பாரியா’. போர் தொடுத்த ஒரு நாட்டை எல்லோரும் ஒதுக்கிவிட்டார்கள் என்று சொல்ல அந்தச் சொல்லைப் போட்டிருந்தார்கள். ஒதுக்கப்பட்டவன், தீண்டத்தகாதவன், சேரக்கூடாதவன் என்று பொருள்.

அந்தச் சொல் எங்கிருந்து போனது என்பதை இந்த அரங்கில் விளக்க வேண்டியதில்லை. பறையர் என்ற நம் பெயர் போர்ச்சுகீசியர் வாய் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குள் போய், பொதுச் சொல்லாகி, அகராதியில் உட்கார்ந்துவிட்டது. 1791இல் பெர்னார்தென் த சேன்-பியேர் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் ஒரு பறையரை ஞானியாக வைத்துக் கதை எழுதினார். 1821இல் பாரிஸ் மேடையில் ‘பாரியா’ என்ற பெயரிலேயே ஒரு நாடகம் நடந்தது. 1838இல் ஃப்ளோரா த்ரிஸ்தான் என்ற பெண்ணியப் போராளி, தன் பயண நூலின் தலைப்பில் தன்னைப் பாரியா என்று சொல்லிக்கொண்டார். 1922இல் பாரிஸில் காலனி நாட்டு இளைஞர்கள் தொடங்கிய பத்திரிகைக்கும் அதே பெயர். அதை நடத்தியவர்களில் ஒருவர் பிற்காலத்தில் ஹோ சி மின் என்று உலகம் அறிந்தவர்.

இவர்களில் சிலர் அந்தச் சொல்லை மரியாதையோடுதான் எடுத்தார்கள், நமக்கு நன்றி உண்டு. ஆனாலும் பாருங்கள், நம் பெயர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கூடவே மனிதர்கள் போகவில்லை. உயிருள்ள ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர் அது என்று, எங்களோடு காபி குடித்த அதிகாரிகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. சொன்னபோது ஒருவர் உண்மையாகவே முகம் சிவந்துபோனார்.

தாத்தா 1893இல் சென்னையில் பத்திரிகை தொடங்கியபோது அதற்குப் ‘பறையன்’ என்று பெயர் வைத்தார். ஏழு ஆண்டுகள் நடத்தினார். ஊரே வசைச்சொல்லாகப் புழங்கியதைத் தலைப்பில் பெரிய எழுத்தில் அடித்தார். பெயரை நாமே எடுத்துக்கொள்ளாவிட்டால் அதை வைத்து எவனும் எதையும் செய்வான் என்பதை அவர் அன்றைக்கே அறிந்திருந்தார். டிராமில் அந்தச் சொல்லைப் பார்த்தபோது இதைப் பேசிக்கொண்டோம். ஆனால் பாடத்தை நாங்கள் படிக்கவில்லை என்பது ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

ஒரு சொல்லுக்கு நடந்த சண்டை

மாணவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. ஜெனீவாவில் நம் ஆட்கள் போட்ட சண்டை முழுவதும் ஒரே ஒரு சொல்லைப் பற்றியது: வம்சாவளி.

1965இல் ஐ.நா. இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையை நிறைவேற்றியது. இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இனக்குழு மூலம் ஆகிய எதன் அடிப்படையிலும் பாகுபாடு கூடாது என்று அது சொல்கிறது. இதில் வம்சாவளி என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். 1968இல் இந்தியா உடன்படிக்கையை ஏற்றது. ஆனால் சாதியைப் பற்றிக் கேள்வி வந்ததும், வம்சாவளி என்றால் இனத்தைச் சேர்ந்த விஷயம், சாதி அதில் வராது என்று அரசு சொல்லத் தொடங்கியது. 1996இல் உடன்படிக்கைக் குழு இதை ஏற்க மறுத்தது. பட்டியல் சாதியினர் நிலைமை உடன்படிக்கைக்குள் வரும் என்று எழுதியது. 2002இல் வம்சாவளி என்பதில் சாதியும் அடங்கும் என்று பொதுப் பரிந்துரையே வெளியிட்டது. 2006 டிசம்பரில் பிரதமர் மன்மோகன் சிங் டெல்லியில் பேசும்போது தீண்டாமையை நிறவெறியோடு ஒப்பிட்டார். இரண்டே மாதம் கழித்து, 2007 பிப்ரவரியில், அவருடைய அரசின் குழு ஜெனீவாவில் உட்கார்ந்து சாதி வேறு இனம் வேறு என்று பழைய பல்லவியைப் பாடியது. அடுத்த அறிக்கையை 2010 ஜனவரிக்குள் தர வேண்டும். பத்தாண்டு கடந்தும் அது போய்ச் சேரவில்லை.

அந்தக் குழு அப்போது கூடிய கட்டடத்துக்கு அமெரிக்க அதிபர் வில்சன் பெயர். 1919இல் இன சமத்துவத்தை உலக நாடுகள் சங்கத்தின் சாசனத்தில் எழுத வேண்டும் என்று ஜப்பான் கேட்டபோது, பெரும்பான்மை ஆதரித்தும், எல்லோரும் ஒப்பவில்லை என்று தள்ளிவிட்டவர் அதே வில்சன். வாசலில் அவர் பெயரைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனோம்.

நமக்கு முன்னால் போனவர்களை மறக்கக் கூடாது. 1946இலேயே அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா.வுக்குத் தந்த நீக்ரோ மக்களின் மனுவைப் பற்றிக் கேட்டார். 1982இல் டாக்டர் லட்சுமி பெர்வா ஜெனீவாவில் ஐ.நா. துணைக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். மறு ஆண்டு பகவான் தாஸ் சொன்னார். 2000 ஆகஸ்டில் அந்தத் துணைக் குழு ‘தொழில் மற்றும் வம்சாவளி அடிப்படையிலான பாகுபாடு’ என்று தீர்மானம் போட்டது. சாதி என்ற சொல்லைத் தலைப்பில் வைக்க முடியாத இடத்தில் சாதிக்குக் கிடைத்த ஐ.நா. பெயர் அதுதான். சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலைப்பின்னல் என்ற அமைப்பு ஐ.நா.வில் ஆலோசனைத் தகுதி கேட்டு விண்ணப்பித்தபோது, இந்தியா கேள்வி மேல் கேள்வி அனுப்பிப் பதினைந்து ஆண்டுகள் நிறுத்தி வைத்தது. அந்தத் தகுதி 2022 டிசம்பரில் கிடைத்தது. நாங்கள் திரும்பி வந்த பத்துப் பதினைந்து நாளில் செய்தி வந்தது. அன்று மட்டும் எங்களுக்கு இனிப்பு சாப்பிட மனம் இருந்தது. ஏன் அன்று மட்டும் என்பதைத்தான் சொல்லப் போகிறோம்.

ஒரு பக்கத் தாள்

ஜெனீவாவில் யாரும் புத்தகம் படிக்க மாட்டார்கள். ஒரு பக்கம்தான். அதில் பிரச்சினை, இரண்டு எண்ணிக்கை, ஓர் உதாரணம், நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி என்று நான்கு பத்தி. அப்படி மூன்று தாள்கள் வைத்திருந்தோம்.

முதல் தாள் வெளியேற்றம் பற்றியது. அந்த ஆண்டு மே மாதம் இதே மயிலாப்பூர்ப் பக்கம், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் வீடுகளை இடித்தார்கள். அதைத் தாங்காமல் பெரியவர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகுதான் மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதியிலேயே மாற்று வீடு தருவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பக்கத்திலேயே வீடு கொடுக்க முடியும் என்று சொல்ல வைக்க ஓர் உயிர் தேவைப்பட்டது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றுக் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு ஏற்றிப் போனவர்களுக்கு அந்த அறிவிப்பும் வரவில்லை.

இரண்டாவது தாள் மலக்குழி மரணம். மூன்றாவது, வன்கொடுமை வழக்குகளின் தாமதம்.

நவம்பர் 10 அன்று மேலே உட்கார்ந்து பார்த்தோம். 130 நாடுகள் பேசின. ஒரு நாட்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். காதில் மாட்டிய கருவியில் ஆறு மொழி. தமிழ் இல்லை, இந்தியும் இல்லை. சாதி என்ற சொல் காதில் விழுந்தபோதெல்லாம் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். மொத்தம் 339 பரிந்துரைகள். 2023 மார்ச்சில் இந்தியா அதில் 221ஐ ஏற்றுக்கொண்டதாகச் சொன்னது.

அன்று இரவு நாங்கள் தங்கியிருந்த வீட்டில் சோறு பொங்கி ரசம் வைத்தோம். வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

பெரும்பாக்கம்

திரும்பி வந்து இரண்டு வாரம் யாரும் களத்துக்குப் போகவில்லை. உடம்பு வலி, அறிக்கை எழுதும் வேலை, கூட்டங்கள். மூன்றாவது வாரம் பெரும்பாக்கம் போனோம். அங்கே ஓர் அம்மா இருக்கிறார். சைதாப்பேட்டைப் பக்கம் அடையாற்றுக் கரையில் பிறந்து வளர்ந்தவர். வெள்ளத்துக்குப் பிறகு எட்டாவது மாடியில் வீடு. அடையாறில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார், தி.நகரில் ஒரு கடையைக் கூட்டுகிறார். போக வர பஸ்ஸிலேயே மூன்று மணி நேரம். அவருடைய மகன் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி இறந்தவர். இருபத்து நான்கு வயது. எங்கள் இரண்டாவது தாளில் இருந்த உதாரணம் அவர்தான்.

அம்மா கேட்டார்: “எங்கப் போயிட்டீங்க, ஒரு மாசமா ஆளையே காணோம்?”

“ஜெனீவா போயிருந்தோம்மா. ஐ.நா. சபை இருக்கிற ஊரு. தம்பியப் பத்தி அங்க சொன்னோம்.”

அவர் முகம் மலர்ந்தது. உடனே கேட்டார்: “எம்புள்ள பேரச் சொன்னீங்களா?”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தாளில் என்ன எழுதியிருந்தோம் என்று எங்களுக்குத் தெரியும். ‘சென்னையில் 24 வயதுத் தொழிலாளி ஒருவர்.’

“பேரு போடலம்மா.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “அப்ப அது வேற யாரோதான?”

கோபப்படவில்லை. டீ போட்டுக் கொடுத்தார். நாங்கள் குடித்தோம். அதன் பிறகு எட்டு மாடி இறங்கி வரும்வரை நால்வரில் யாரும் வாய் திறக்கவில்லை.

பெயர் போடாததற்குக் காரணங்கள் உண்டு. வழக்கு நடக்கிறது, குடும்பத்துக்குத் தொந்தரவு வரலாம், இடம் போதாது, இப்படித்தான் எழுதுவது வழக்கம். எல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் ஒரு காரணத்தையும் அவரிடம் சொல்லவில்லை. போடலாமா வேண்டாமா என்று கேட்கவே இல்லை. இங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் போகக்கூடிய அவரிடம் கேட்காமல், விமானத்தில் ஒரு நாள் பயணம் செய்து அவர் மகனைப் பற்றிப் பேசிவிட்டு வந்தோம். பாரியா என்ற சொல்லுக்கு ஐரோப்பா செய்ததைக் கண்டு டிராமில் வருந்தியவர்கள், மனிதரை விட்டுவிட்டு உதாரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனோம்.

112 அடி மனு

இப்போது தாத்தாவிடம் வருகிறோம்.

1893இல் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கோரியது. நடத்தினால் சாதி இந்துக்களே அத்தனை பதவியையும் பிடிப்பார்கள், அவர்கள் கையில் நம் கதி என்ன ஆகும் என்று தாத்தா எதிர்த்தார். அந்த டிசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டினார். பிறகு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு போனது. அதன் நீளம் 112 அடி. கையெழுத்து 3,412. அந்தக் கோரிக்கை சரியா தவறா என்று இன்றைக்கும் விவாதிக்கலாம். ஆனால் 3,412 பெயர் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எழுதப் படிக்க விடாமல் வைத்திருந்த மக்களிடம், சேரி சேரியாகப் போய், ஒவ்வொருவரிடமும் விஷயத்தைச் சொல்லி வாங்கிய பெயர்கள். தாத்தா அந்த முறை கப்பல் ஏறவில்லை. பெயர்கள் போயின.

பின்னால் அவரே கடல் கடந்தார். ஆப்பிரிக்காவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு 1921இல் திரும்பினார். திரும்பியவர் ஓய்வெடுக்கவில்லை. சட்டமன்ற உறுப்பினராகி, பொதுச் சாலையிலும் கிணற்றிலும் குளத்திலும் நமக்கு உள்ள உரிமையை 1924இல் தீர்மானமாகக் கொண்டுவந்தார். 1930இல் அண்ணலோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். 1939இல் தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தைத் தமிழில் எழுதி, போனது வந்தது செய்தது எல்லாவற்றையும் நம் கையில் கொடுத்துவிட்டு 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார்.

அயோத்திதாசப் பண்டிதரையும் சேர்த்துப் பாருங்கள். 1898இல் கொழும்பு போய்ப் பௌத்தம் தழுவினார். அங்கேயே தங்கிவிடவில்லை. திரும்பி வந்து, இதோ பக்கத்தில் ராயப்பேட்டையில், சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். 1907இல் அங்கிருந்துதான் ‘ஒரு பைசாத் தமிழன்’ வந்தது. ஒரு பைசா என்று விலையைப் பெயரிலேயே வைத்தார். போய்க் கற்றது கூலிக்காரர் கைக்கு வர வேண்டும் என்ற நினைப்பு அந்த விலையில் தெரிகிறது.

நம் முன்னோர் பயணத்தை இப்படித்தான் முடித்தார்கள். ஊர் திரும்பியவுடன் வேலை தொடங்கியது.

கம்பெனி மாறியது

அப்படியானால் ஜெனீவாவால் பயன் இல்லையா என்று மாணவர்கள் கேட்கலாம். பயன் உண்டு. ஆனால் அது சுற்றி வளைத்து வரும்.

2003இல் துப்புரவுப் பணியாளர் இயக்கமான சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் உச்ச நீதிமன்றம் போனது. 2014 மார்ச் 27 அன்று தீர்ப்பு வந்தது. 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் என்றது. 2023 அக்டோபரில் இன்னொரு தீர்ப்பு அதை 30 லட்சமாக உயர்த்தியது. 2014 தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். நம் அரசியல் சட்டத்தோடு, இந்தியா கையெழுத்திட்ட சர்வதேச உடன்படிக்கைகளையும் நீதிபதிகள் சொல்கிறார்கள். அதில் அந்த இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையும் ஒன்று. பெரும்பாக்கத்து அம்மா அலைந்து அலைந்து வாங்கிய 10 லட்சத்துக்குப் பின்னால் வம்சாவளி என்ற அந்தச் சொல்லும் நிற்கிறது. இதை அவரிடம் அன்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. பிறகு சொன்னோம்.

தொழில், வம்சாவளி என்ற இரண்டு சொல்லையும் சேர்த்துப் புரிந்துகொள்ள ஜெனீவா போக வேண்டியதும் இல்லை. அடையாறிலும் கோடம்பாக்கத்திலும் காலை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தால் போதும். 2000இல், துணைக் குழு தீர்மானம் போட்ட அதே ஆண்டில், தென்சென்னைப் பகுதிகளில் குப்பை அள்ளும் வேலை ஒரு பிரெஞ்சுக் குழுமத்தின் நிறுவனத்துக்குப் போனது. ‘ஓனிக்ஸ் வண்டி’ என்று மயிலாப்பூர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். 2007க்குப் பிறகு வேறு கம்பெனி, அதன் பிறகு வேறு, 2020இல் ஸ்பெயின் நாட்டுத் தொடர்புள்ள ஒன்று. வண்டியின் நிறம் மாறியது, சட்டையின் நிறம் மாறியது, ஒப்பந்தத்தின் மொழி மாறியது. குனிந்து அள்ளும் கை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பது மாறவில்லை. 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்துப் பேசியபோது, பிறப்பையும் தொழிலையும் சேர்த்துத்தான் பேசினார்கள். அவர்கள் ஐ.நா. தீர்மானத்தைப் படித்தவர்கள் இல்லை. அதில் எழுதியிருப்பதை வாழ்ந்தவர்கள்.

பாக்கி

அந்த டீக்குப் பிறகு நாங்கள் நான்கு காரியம் செய்தோம். பெருமைக்குச் சொல்லவில்லை. நாளைக்கு உங்களில் சிலர் நிச்சயம் போவீர்கள், அதற்காகச் சொல்கிறோம்.

ஒன்று, இந்தியா ஏற்றுக்கொண்ட பரிந்துரைகளில் நமக்கு வேண்டியதைத் தமிழில் எழுதி, பெரும்பாக்கத்தில் மொட்டை மாடியில் உட்கார்ந்து வாசித்தோம். “கவர்மெண்டு ஒத்துக்கிச்சுன்னா நமக்கு ஏன் லெட்டர் வரல?” என்று ஒருவர் கேட்டார். ஜெனீவாவில் யாரும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்கவில்லை. அந்தக் கேள்வியையே தகவல் உரிமை மனுவாக எழுதினோம்.

இரண்டு, எங்கள் தாள்களில் உதாரணமாக வந்த ஒவ்வொரு குடும்பத்தையும் தேடிப் போனோம். இப்படி எழுதியிருக்கிறோம், சரியா, பெயர் போடலாமா என்று கேட்டோம். சிலர் போடு என்றார்கள். சிலர் வேண்டாம் என்றார்கள். ஒரு குடும்பம், நடந்த தேதியையே நாங்கள் தவறாக எழுதியிருப்பதைக் காட்டியது.

மூன்று, செலவுக் கணக்கைப் படித்தோம். டிக்கெட் எவ்வளவு, தங்கியது எவ்வளவு, யார் கொடுத்தது. கொஞ்சம் கூச்சமாக இருந்தது. படித்து முடித்த பிறகு அந்தக் கூச்சம் போய்விட்டது.

நான்கு, 2027 வாக்கில் வரும் அடுத்த மீளாய்வுக்குக் குடியிருப்பிலிருந்தே ஆள் போக வேண்டும் என்று முடிவு செய்தோம். அம்மா பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார். முகவரிச் சான்றில் இன்னும் பழைய ஆற்றுக்கரை வீடு இருப்பதால் இழுத்துக்கொண்டிருக்கிறது. இடித்துவிட்ட வீடு காகிதத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

குடியிருப்புச் சங்கத்தின் மீதான வழக்கு இன்னும் முடியவில்லை. தொட்டிக்குள் இறங்குவதும் நிற்கவில்லை. நாங்கள் ஜெயித்துவிட்டு வந்து இங்கே பேசவில்லை. பாக்கியை அடைக்கத் தொடங்கியிருக்கிறோம், அவ்வளவுதான்.

அம்மா இன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு வீட்டு வேலையை முடித்துவிட்டு அடையாறிலிருந்து நேராக வந்திருக்கிறார். இந்த உரையை எழுதும்போது அவரிடம் கேட்டோம். “சபையில சொல்லுங்க. புஸ்தகத்துல கேஸ் முடிஞ்சதும் போடுங்க” என்றார். அவர் சொன்னபடியே செய்கிறோம். அச்சாகும் பிரதியில் அந்த இடம் காலியாக இருக்கும். வழக்கு முடியும் நாளில் நிரப்புவோம்.

இப்போது எழுந்து நின்று, அந்தத் தம்பியின் பெயரை நாங்கள் சொல்கிறோம். நீங்களும் சேர்ந்து சொல்லுங்கள்.

ஜெய்பீம்.